மொட்டோடு சாய்ந்த கொடி: ஒரு கிளெமாட்டிஸின் வாடலும் மீட்பும்

நன்றாகப் படர்ந்து, மொட்டு வைத்து, பூக்க இரண்டு வாரம் இருக்கும்போது ஒரே இரவில் தொங்கிப்போகும் கிளெமாட்டிஸ் கொடியைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அப்படி எறியப்படும் செடிகளில் பெரும்பகுதி மண்ணுக்குள் உயிரோடுதான் இருக்கிறது. இந்த ஆய்வுக்கு, பல தோட்டங்களில் ஒரே மாதிரி வரும் அந்த நிலையை ஒரு செடியில் வைத்து எடுத்துக்கொள்கிறோம். நட்ட விதம், வாடிய விதம், கண்டுபிடித்த முறை, மருத்துவம், அடுத்த இரு பருவங்கள் என்று வரிசையாகப் போவோம்.

செடியின் பின்னணி

வகை ‘நெல்லி மோசர்’. 1897இல் பிரான்சில் மோசர் நாற்றுப்பண்ணை வெளியிட்ட பெரிய பூ வகை. இளஞ்சிவப்பு இதழ்களின் நடுவே அடர்ந்த நிறத்தில் ஒரு பட்டை ஓடும்; பூவின் அகலம் 15 முதல் 20 செ.மீ. வரை வரும். இதழ் என்று நாம் சொல்வது உண்மையில் புல்லிதான். கிளெமாட்டிஸில் அல்லி இதழ் கிடையாது. கொடி 2 முதல் 3 மீட்டர் உயரம் போகும்.

செடி இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறது. பிற்பகல் வெயில் முழுவதும் விழும் செங்கல் சுவரின் அடியில், சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி நடப்பட்டது. தொட்டியில் இருந்த மண்மட்டமே தரையிலும் வரும்படி நட்டிருக்கிறார்கள். ஏறுவதற்குப் பருமனான மரச்சட்டங்கள். கொடி தானாகப் பற்றாததால் மெல்லிய கம்பியால் இறுகக் கட்டியிருக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டும் கவாத்து இல்லை. இரண்டாம் ஆண்டு உச்சியில் மட்டும் சில பூக்கள் வந்தன. அடிப்பகுதி மொட்டையாக இருந்தது. அடியிலிருந்து வந்த தண்டுகள் இரண்டே இரண்டு.

மூன்றாம் ஆண்டு இளவேனிலின் இறுதியில் மொட்டுகள் பருத்து வந்த வேளையில், இடப்பக்கத் தண்டு மேலிருந்து கீழ்வரை தொங்கிவிட்டது. இலைகளில் மஞ்சள் பூக்கவில்லை, பச்சையாகவே துவண்டன. மறுநாள் இலைக்காம்புகளும் நரம்புகளும் கருத்தன. வலப்பக்கத் தண்டு நலமாக நின்றது. வெயில் காரணம் என்று எண்ணி இருவேளையும் நீர் ஊற்றப்பட்டது; தழைச்சத்து உரமும் ஒரு பிடி போடப்பட்டது. பலன் இல்லை.

பார்த்த வரிசை

வாடிய கிளெமாட்டிஸை மேலிருந்து பார்ப்பதால் எதுவும் தெரியாது. இலை எங்கே வாடியதோ அங்கே நோய் இல்லை. அதற்கு நீர் போகும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. அதனால் முதல் வேலை, வாடிய தண்டைப் பிடித்துக்கொண்டே கையைக் கீழே இறக்குவது. அதற்கும் முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். விடியற்காலையில் இலை நிமிர்கிறதா? வாடியது ஒரு தண்டா, முழுச் செடியா?

நீர்ப் பற்றாக்குறை என்றால் முழுக்கொடியும் சோர்ந்து நிற்கும். இரவு குளிர்ந்து விடிந்ததும் ஓரளவு நிமிரும். நீர் ஊற்றினால் மாலைக்குள் தேறும். இந்தச் செடியில் ஒரு தண்டு மட்டுமே விழுந்தது; காலையிலும் நிமிரவில்லை. ஆக, வேரில் பொதுவான கோளாறு இல்லை. வேர் அழுகினாலோ, வேரைத் தின்னும் புழு இருந்தாலோ இரண்டு தண்டும் சேர்ந்தே மங்கியிருக்கும். அதுவும் ஒரே இரவில் நடக்காது, வளர்ச்சி சில வாரங்களாகக் குன்றி வந்திருக்கும்.

நத்தைகள் இன்னொரு சந்தேகம். மண்மட்டத்துக்கு மேலே இளந்தண்டின் தோலைச் சுற்றிலும் சுரண்டித் தின்றுவிட்டால் மேலே உள்ளதெல்லாம் ஒரே நாளில் துவளும். அப்போது தோல் போன இடம் வெளிறி, நார் தெரியும். காயத்தைச் சுற்றி உலர்ந்த பிசுபிசுப்புத் தடம் இருக்கும். காற்றில் ஆடித் தண்டு முறிந்தாலும் அறிகுறி இதுவேதான். கிளெமாட்டிஸின் இளந்தண்டு மடங்கினால் நார் அறாமல் உள்ளே மட்டும் நொறுங்கும். வெளியே பார்த்தால் முழுதாகத் தெரியும். விரலை வைத்து அழுத்திக்கொண்டே போனால் அந்த இடம் மட்டும் தட்டையாக அமுங்கும். இந்த இரண்டும் இங்கே இல்லை.

மண்மட்டத்திலிருந்து சுமார் 20 செ.மீ. உயரத்தில், இரண்டாவது கணுவில் விடை இருந்தது. கணுவைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கரும்பழுப்பு நிறத்தில் தோல் அமிழ்ந்திருந்தது. அந்தக் கணுவில் இருந்த இலை எப்போதோ காய்ந்து, காம்பு மட்டும் கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே உள்ள முதிர்ந்த இலைகளில் பழுப்பு வட்டப் புள்ளிகள். கூர்மையான கத்தியால் கணுவுக்கு மேலே குறுக்கே வெட்டியபோது திசு பச்சையாக, ஆனால் தளர்ந்து இருந்தது. கணுவிலேயே வெட்டியபோது உள்ளே முழுக்கக் கருமை. கணுவுக்குக் கீழே மீண்டும் ஈரப்பச்சை. மேலேயும் கீழேயும் நலமான திசு, நடுவில் கரும்பூட்டு என்ற இந்த அமைப்பு கிளெமாட்டிஸ் வாடல் நோயின் அடையாளம்.

வலப்பக்கத் தண்டும் தப்பவில்லை. கம்பி இறுகிய இடத்தில் தோல் பிளந்து, பிளவின் ஓரத்தில் கறுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. கறை தண்டை முழுவட்டமாகச் சுற்றிவிடாததால் அது இன்னும் நின்றுகொண்டிருந்தது.

மண்ணைத் தோண்டியபோது மேலே 3 செ.மீ. சேறு, அதற்குக் கீழே சுவர்ப்பக்கம் பொடியாகக் காய்ந்த மண். இரண்டு வேளை நீரும் மேலோட்டமாகவே நின்று ஆவியாகியிருக்கிறது. சுவரடி மண்ணுக்கு மழை சரியாக விழாது. செங்கலும் அடித்தளமும் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். 15 செ.மீ. இடைவெளி எந்தக் கொடிக்கும் போதாது.

ஏன் விழுந்தது

காரணம் கலோஃபோமா கிளெமாட்டிடினா என்ற பூஞ்சை. பழைய தோட்டக்கலை நூல்களில் இது ஃபோமா, அஸ்கோகைட்டா என்ற பெயர்களில் இருக்கும். இது பொதுவாக முதிர்ந்த கீழ் இலையில் புள்ளியாகத் தொடங்குகிறது. காம்பு வழியாகக் கணுவுக்கு இறங்குகிறது. அங்கே தண்டைச் சுற்றி வளைத்து நீர்க்குழல்களை அடைக்கிறது. கணுவில் வேலை நடந்துகொண்டிருக்கும் நாட்களில் மேலே எதுவும் தெரியாது. மொட்டு பருக்கும் காலத்தில்தான் கொடிக்கு நீர்த்தேவை உச்சத்தில் இருக்கும். பாதி அடைத்த குழல் அதுவரை சமாளித்து, அப்போது தோற்கிறது. “நேற்று வரை நன்றாக இருந்தது” என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். நேற்று நன்றாக இருந்தது இலை மட்டுமே.

விழுந்த இலையிலும் காய்ந்த தண்டிலும் பூஞ்சை தங்கிவிடும். மழைத்துளி தெறிக்கும்போதும், தெளிப்பானால் இலைமேல் நீர் அடிக்கும்போதும் வித்துகள் கீழ் இலைகளுக்கு ஏறும். தண்டில் பிளவோ சிராய்ப்போ இருந்தால் இலை வழியாகச் சுற்றிவர வேண்டியதில்லை. நேராக உள்ளே போகும். வலப்பக்கத் தண்டில் கட்டுக்கம்பி செய்து கொடுத்த வேலை அது.

எல்லா கிளெமாட்டிஸும் இப்படி விழுவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் சீன வகையான லானுஜினோசாவைச் சேர்த்துப் பெரிய பூ ஒட்டினங்கள் உருவாயின; இங்கிலாந்தின் வோக்கிங்கில் ஜாக்மன் பண்ணையில் 1858இல் கலப்புச் செய்து 1862இல் பூத்த ‘ஜாக்மனி’ அவற்றில் பெயர்பெற்றது. பூ பெரிதானது, கூடவே வாடல் நோய்க்கு எளிதில் ஆட்படும் தன்மையும் பல ஒட்டினங்களில் ஏறியது. தென் ஐரோப்பாவின் விட்டிசெல்லா வழிவந்த வகைகளும், மொன்டானா, ஆல்பினா போன்ற சிறுபூ வகைகளும் பெருமளவு தாங்கும். பெரிய பூ வகையிலும் தண்டு நன்றாக முற்றி மரமாகிவிட்ட செடிக்கு ஆபத்து குறைவு. முதல் நான்கைந்து ஆண்டுகளைக் கடத்துவதுதான் பாடு.

இந்தச் செடியை உண்மையில் பலவீனமாக்கியது நடவு ஆழம். பூஞ்சை தாக்குவது மண்ணுக்கு மேலே. மண்ணுக்குள் புதைந்த கணுக்களை அது பொதுவாகத் தொடுவதில்லை. இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் இருந்தால், மேலே எல்லாம் போனாலும் கீழிருந்து புதுத் தண்டு வரும். தொட்டி மட்டத்திலேயே நட்ட செடிக்கு அந்தச் சேமிப்பு இல்லை. நோய் எந்தத் தோட்டத்துக்கும் வரலாம். அது செடியின் முடிவாகுமா, ஒரு பருவத்து இழப்போடு போகுமா என்பது நட்ட அன்றே தீர்மானமாகிவிடுகிறது.

உடனே செய்தவை

கையுறை போட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். கிளெமாட்டிஸின் சாறு தோலில் எரிச்சலும் கொப்புளமும் உண்டாக்கும், கண்ணில் படவே கூடாது.

இடப்பக்கத் தண்டு, கறுப்புக்குக் கீழே முழுப் பச்சை தெரியும்வரை வெட்டப்பட்டது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும்; நடுவில் ஊசிமுனை அளவு பழுப்பு இருந்தாலும் இன்னும் கீழே இறங்க வேண்டும். இங்கே மண்ணுக்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் இருந்த கடைசிக் கணு தப்பியது. அதுவும் கறுத்திருந்தால் மண்ணைக் கிளறி மட்டத்துக்குக் கீழே வெட்டியிருக்க வேண்டும். வலப்பக்கத் தண்டையும் கம்பி அழுத்திய இடத்துக்குக் கீழே நல்ல கணு பார்த்து வெட்டினோம். பூக்க இருந்த மொட்டுகளை இழக்க மனம் வராதுதான். ஆனால் அந்தக் கறை முழுவட்டம் போட்டால் மொட்டும் போகும், கணுவும் போகும். கத்தரியை ஒவ்வொரு தண்டுக்குப் பிறகும் சாராயத் திரவத்தால் துடைத்தோம்.

வெட்டிய கொடி, கீழே உதிர்ந்த இலை, காய்ந்த காம்பு எல்லாம் பொறுக்கிக் குப்பைக்குப் போயின. உரக்குழியில் போட்டால் அதே பூஞ்சை, மண்மேல் பரப்பும் மூடாக்கோடு திரும்பி வரும். நோய் புகுந்த தண்டைக் குணமாக்கும் பூஞ்சைக்கொல்லி என்று நம்பிப் பரிந்துரைக்க எதுவும் இல்லை. அதற்குச் செலவழிக்கும் நேரத்தை வெட்டுவதிலும் பொறுக்குவதிலும் செலவிடுவது மேல்.

தழைச்சத்து உரம் நிறுத்தப்பட்டது. இலையே இல்லாத செடிக்கு அது தேவையில்லை. பின்னால் வரும் தளிரையும் நீர்கோத்த மென்தண்டாக்கி நோய்க்கு வசதி செய்யும். நீர் ஊற்றும் முறையும் மாறியது: தினம் இருவேளை என்பது போய், வாரம் ஒருமுறை 10 லிட்டர், மெதுவாக, அடியில். கடும் வெயிலில் வாரம் இருமுறை. இலையற்ற காலத்தில் மண்ணை 5 செ.மீ. தோண்டிப் பார்த்து, அங்கேயும் உலர்ந்திருந்தால் மட்டுமே ஊற்றினோம்.

வெட்டிய ஐந்தாம் வாரத்தில் மண்மட்டத்தில் இரண்டு செந்தளிர்கள் எழும்பின. முதல் நாட்களில் அவற்றை நத்தை தின்றுவிடாமல் காப்பதுதான் முழுநேரக் கவலை. மேலும் கீழும் வெட்டிய ஞெகிழிப் புட்டியைத் தளிரைச் சுற்றி மண்ணில் 3 செ.மீ. இறக்கி வைத்தாலே போதும். கோடையின் முடிவுக்குள் தளிர்கள் ஒரு மீட்டர் தாண்டின. அந்த ஆண்டு பூ இல்லை.

மறுநடவு

இலையுதிர்ந்து செடி உறங்கும் பருவத்தில், மண் உறையாமலும் சேறாகாமலும் இருந்த நாள் பார்த்து, செடியைப் பெயர்த்து நட்டோம். மூன்று வயதுச் செடி இதைத் தாங்கும். வயதான செடியைப் பெயர்த்தால் பிழைப்பது கடினம். அதை இருந்த இடத்திலேயே விட்டு, அடியில் மக்கிய உரம் கலந்த மண்ணைச் சிறுகச் சிறுக அணைத்துக் கணுக்களை மூடுவதே பாதுகாப்பு.

முதலில் கொடியைக் கையாளும் அளவுக்குக் குறைத்து வெட்டிவிட்டு, ஒரு மண்வெட்டி அகலத்துக்குச் சுற்றிலும் தோண்டி, வேர்க்கட்டி உடையாமல் எடுத்தோம். கிளெமாட்டிஸின் வேர் தடித்த கயிறுகளாக நேரே கீழே போகும். மேலோட்டமாகத் தோண்டினால் அவை அறுந்துவிடும்.

புதுக் குழி சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி, 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழம். குழியின் அடிமண்ணைத் தோட்ட முள்கரண்டியால் கிளறி, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு வாளி போட்டு, அதன்மேல் 10 செ.மீ. வெறும் மண் பரப்பினோம். வேர் நேரடியாக உரத்தில் உட்காரக் கூடாது. களிமண் நிலத்தில் குழி தொட்டிபோல நீர் தேக்கும் என்பதால் அங்கே நடும் இடத்தையே 10 செ.மீ. மேடாக்க வேண்டும். சுண்ணாம்பு போட்டே ஆகவேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு, அது தேவையில்லை. நடுநிலை மண்ணிலும் சற்றே அமிலமான மண்ணிலும் கிளெமாட்டிஸ் நன்றாகவே வளரும். ஈரமும் வடிகாலும் ஒருசேர இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

பழைய மண்மட்டத்தைவிட 7 செ.மீ. ஆழமாக வேர்க்கட்டி இறங்கியது. இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போயின. இந்த ஆழநடவு பெரிய பூ ஒட்டினங்களுக்கு மட்டும். மொன்டானா, அர்மண்டி, ஆல்பினா ஆகியவற்றைத் தொட்டி மட்டத்திலேயே நட வேண்டும். தண்டைச் சுவர்ப்பக்கம் சாய்த்து, ஒரு மூங்கில் குச்சியைச் சாய்வாக ஊன்றி வழிகாட்டினோம். மண்ணைக் கையால் அழுத்தி 10 லிட்டர் நீர் ஊற்றியபின், 6 செ.மீ. கனத்தில் இலைமக்கு மூடாக்கு. தண்டிலிருந்து ஒரு சாண் விட்டுப் போட வேண்டும்.

வேர்ப்பக்கம் கல்லோ ஓடோ வைப்பது பழைய வழக்கம். அது தவறில்லை, ஆனால் கல்லுக்கு அடியில் நத்தை குடியேறும். வேர் பரவாத சிறு செடிகளைத் தெற்கிலும் மேற்கிலும் நட்டு நிழல் தருவது நல்லது. தரைமூடியாக அடர்ந்து பரவும் செடி வேண்டாம். ஈரத்துக்கு அதுவே போட்டியாகிவிடும்.

பழைய மரச்சட்டத்தின்மீது, சுவரிலிருந்து 5 செ.மீ. இடைவெளி விட்டு வலைக்கம்பி பொருத்தப்பட்டது. கிளெமாட்டிஸுக்குச் சுருள்பற்று இல்லை, உறிஞ்சுவேர் இல்லை. இலைக்காம்பைச் சுற்றியே ஏறுகிறது. காம்பு ஒரு பென்சிலைச் சுற்றும்; 2 செ.மீ. சட்டத்தைச் சுற்றாது. பிடி கிடைத்தால் கட்டே தேவையில்லை. தொடக்கத்தில் தேவைப்படும் ஓரிரு கட்டுகளை மென்சணலில், எட்டு வடிவில், விரல் நுழையும் தளர்வோடு போட்டோம்.

அடுத்த இரு பருவங்கள்

மறுநடவுக்குப் பின் வந்த குளிர்கால முடிவில், வகை எதுவானாலும் கொடியை 30 செ.மீ. உயரத்தில் நல்ல சோடி மொட்டுக்கு மேலே வெட்டிவிடுவது சரி. அடியில் கிளைக்காத கொடி உச்சியில் மட்டும் பூத்து, கீழே கம்பியாக நிற்கும். இந்தச் செடியின் இரண்டாம் ஆண்டு நிலை அதுதான். வெட்டியதும் அடியிலிருந்து நான்கு தண்டுகள் எழுந்தன. அவற்றை நேராக விடாமல் விசிறிபோலப் பக்கவாட்டில் சாய்த்துப் பற்றவிட்டால், கணுவுக்குக் கணு பூக்கிளை வரும். கோடை இறுதியில் புதுத் தண்டின் நுனிகளில் பூ வந்தது.

அதன்பின் இந்த வன்கவாத்து கூடாது. ‘நெல்லி மோசர்’ முதல் சுற்றில் பழைய தண்டிலிருந்து வரும் குறுங்கிளைகளில் பூக்கும். ஒவ்வோர் ஆண்டும் 30 செ.மீ.க்கு வெட்டினால் இளவேனில் பூ முழுவதும் போய்விடும். இரண்டாம் குளிர்கால முடிவில் செய்தது இவ்வளவே: ஒவ்வொரு தண்டையும் நுனியிலிருந்து கீழே பார்த்துவந்து, முதல் பருத்த மொட்டுச்சோடிக்கு மேலே வெட்டுவது, காய்ந்ததை எடுப்பது. ‘ஜாக்மனி’, விட்டிசெல்லா வகைகள் புதுத் தண்டில் பூப்பவை. அவற்றை ஆண்டுதோறும் 30 செ.மீ.க்கு வெட்டியே ஆகவேண்டும். மொன்டானா, ஆல்பினா பூத்து முடிந்த உடனே வெட்ட வேண்டியவை. எந்த வகை என்று தெரியாவிட்டால் ஓர் ஆண்டு வெட்டாமல் விட்டு, பழைய தண்டில் பூக்கிறதா புதுத் தண்டிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உரமாக, தளிர் எழும்போது சாம்பல்சத்து மிகுந்த கலவை, தக்காளிக்குப் போடும் வகை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீரில் கரைத்து ஊற்றப்பட்டது. மொட்டு நிறம் காட்டியதும் நிறுத்தி, முதல் பூச்சுற்று முடிந்தபின் தொடங்கினோம். பூக்கும்போது உரம் கொடுத்தால் பூக்காலம் சுருங்குகிறது.

முதல் சுற்றின் தொடக்கத்தில் சில பூக்கள் பச்சைக்கோடு விழுந்து அரைகுறையாக விரிந்தன. குளிரும் குறைந்த வெளிச்சமும் நீடித்த இளவேனிலில் இது வரும், நோய் அல்ல. வெப்பம் ஏறியபின் வந்த பூக்கள் சரியாக இருந்தன. பிற்பகல் வெயிலில் ‘நெல்லி மோசர்’ பட்டைகள் சில நாளிலேயே வெளிறிவிடுகின்றன. மறுநடவின்போதே காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றியிருந்தால் நிறம் நின்றிருக்கும். இந்தச் சுவரை விட வழியில்லாததால் மேற்குப் பக்கம் ஒரு குறும்புதர் வைத்து நிழல் கொடுக்கப்பட்டது.

வாடல் திரும்பவும் வந்தது. இரண்டாம் பருவத்தின் நடுவில் நான்கு தண்டுகளில் ஒன்று அதேபோலத் துவண்டது. கீழே கணுவைத் தேடி, பச்சை தெரியும்வரை வெட்டி, இலைகளைப் பொறுக்கியதோடு சரி. மற்ற மூன்றும் பூத்தன. மண்ணுக்குள்ளிருந்து இன்னொரு தளிர் அதே பருவத்தில் எழுந்தது. அன்று முதல் கீழ் 30 செ.மீ. இலைகளை வாரம் ஒருமுறை பார்ப்பது வழக்கமானது. பழுப்புப் புள்ளி கண்ட இலையைக் காம்போடு கிள்ளிவிட்டால் பூஞ்சை கணுவுக்கு இறங்கும் முன்பே தடுக்கலாம்.

முழுக்க மண்மட்டத்துக்கு வெட்டப்பட்டும் அந்தப் பருவத்தில் துளிர்க்காத செடியை அவசரப்பட்டுத் தோண்டக் கூடாது. அடுத்த இளவேனிலில் துளிர்க்கும் செடிகள் உண்டு. இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். இடம் தெரிந்தால்தான் களை எடுக்கும் கொத்து மண்ணுக்குள் இருக்கும் தளிரை வெட்டிவிடாது. அடுத்த கோடையும் கடந்து எதுவும் வராவிட்டால் வேரை எடுத்துவிட்டு, 45 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை மாற்றி, அங்கே விட்டிசெல்லா வழிவந்த ‘எத்வால் வியொலெட்’ போன்ற ஒன்றை நடலாம். அதன் பூ சிறிது, 8 செ.மீ. அளவுதான், ஆனால் கோடை நடுவிலிருந்து கொடி முழுக்கக் கருஊதாவாக நிற்கும், குளிர்கால முடிவில் கண்ணை மூடிக்கொண்டு 30 செ.மீ.க்கு வெட்டலாம்.